மூன்றாம் பாத்தி

கல்யாணமாகி ஆரம்பாக்கத்தில் வந்து இறங்கிய அன்று என் கணவர் எனக்கு வீட்டைக் காட்டவில்லை, தோட்டத்தைத்தான் முதலில் காட்டினார். ரயிலிலும் மாட்டுவண்டியிலும் வந்த அலுப்பு எனக்கு. பட்டுப்புடவை கசகசத்தது. நாத்தனார் உள்ளே பாலும் பழமும் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார். இவரோ, "ஒரு நிமிசம், இத்த பாத்துட்டு பூடலாம்" என்று கிணற்றடிப் பக்கம் நடக்கிறார். புதுப்பெண் என்ன சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஆந்திரம் தனியாகப் பிரிந்துபோனதற்கு அடுத்த வருஷம் அது. எனக்கு இருபத்துநான்கு வயது, அவருக்கு முப்பத்தாறு. திருவள்ளூரில் பள்ளிக்கூட வாத்தியாரின் மூன்றாவது மகள் நான். வாய் நீளம் என்று ஊரெல்லாம் பேரெடுத்ததால் வரன் தட்டிக்கொண்டே போனது. இவருக்கு முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டார். இரண்டாமவரை விஷஜுரம் கொண்டுபோனது. இரண்டையும் பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்கள். "செத்தவங்க செத்துட்டாங்க, அதுக்கு அவன் இன்னா பண்ணுவான்?" என்றார் அப்பா. சாமி, சாங்கியம், நாள், நட்சத்திரம் எதையும் மதிக்காத மனிதர். நானும் அப்பாவைப்போலத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டம் அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மதராஸில் ஒரு துரை பங்களாவைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்த குரோட்டன்ஸ் தொட்டிகள் கிணற்றைச் சுற்றி நின்றன. வேலியோரம் கல்வாழை. மண்ணெண்ணெய் டின்களில் பட்டன் ரோஜா. நெல் பயிரிடுகிற குடும்பத்தில் பிறந்த மனிதருக்குப் பூச்செடியில் இத்தனை கிறுக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிணற்றைத் தாண்டி, செங்கல்லைச் சாய்த்து அடுக்கி வரம்பு கட்டிய பாத்திகள் நான்கு வரிசையாக இருந்தன. முதலாவதில் நந்தியாவட்டை. "இது பெரியவளுது. அவ வெச்சது" என்றார். இரண்டாவதில் டிசம்பர் செடி, பூக்கும் காலமில்லை, வெறும் இலையாக இருந்தது. "இது சின்னவளுது." மூன்றாவதில் ஒற்றை எருக்கஞ்செடி, முழங்கால் உயரம், இலை துவண்டு, பிடுங்கி நட்ட கோலத்தில் நின்றது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடந்து போனார். நான்காவது வெறும் மண். ஆளுயர நீளம். நன்றாகக் கொத்தி, எருவிட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தது.

"இது உனுக்கு" என்றார் சந்தோஷமாக. "இன்னா வேணுமோ வெச்சிக்கோ."

அவர் முகத்தில் கபடமே இல்லை. பெண்டாட்டிக்குப் பிடித்த செடி வைக்க இடம் ஒழித்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த வரிசையைப் பார்த்தால் யாருக்கும் எப்படி இருக்கும்? முதலில் ஒருத்தி, அடுத்து ஒருத்தி, கடைசியில் எனக்கென்று வெட்டித் தயாராக வைத்த மண். அந்தப் பாத்தியில் நான் ஒரு விதைகூடப் போடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானம் செய்தேன். அவர் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்று தட்டிக்கழித்தேன்.

எருக்கஞ்செடி பற்றி மட்டும் வந்த முதல் வாரமே கேட்டுவிட்டேன். ரயில் ரோடு ஓரமெல்லாம் தானாக முளைத்துக் கிடக்கிற செடி. ஆள் இல்லாத வீட்டில்தான் எருக்கு முளைக்கும் என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். அதைக் கொண்டுவந்து செங்கல் கட்டி வளர்ப்பானேன்?

"அது கீது, வுடு" என்றார். முகம் மாறிவிட்டது.

நாத்தனாரிடம் கேட்டேன். அவர் என் கணவருக்கு அக்கா, புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டேன். "புள்ளையாருக்கு மாலை கட்ட வெச்சிருப்பான்மா" என்றார் அவர். பூக்க ஆரம்பித்ததும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவரே போய்ப் பறித்து மாலை கட்டினார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

செடி என்னவோ விட்டபாடில்லை. மழைக்காலம் முடிவதற்குள் என் இடுப்பளவு வந்தது. மாசியில் என்னைவிட உயரம். பக்கத்தில் இருந்த நந்தியாவட்டைக்குப் பூச்சி விழுந்தது, டிசம்பர் பாதி பட்டுப்போனது. எருக்குக்கு ஒன்றும் இல்லை. வரி வரியாகப் புழுக்கள் வந்து இலையைச் சல்லடையாகத் தின்றுவிட்டுப் போகும். பத்தே நாளில் பழையபடி தளதளவென்று நிற்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே அதுதான் தெரியும். நான் அடுப்பு மூட்டும்போது என்னையே பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்கிற மாதிரி இருக்கும். அந்த நினைப்பு வந்தவுடன் என்னை நானே திட்டிக்கொள்வேன்.

சித்திரையில் எனக்கு மூன்று மாதம். மசக்கை பாடாய்ப்படுத்தியது. ஒருநாள் விடிந்தும் விடியாமலும் குமட்டல் தாங்காமல் எழுந்து சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தேன். என் கணவர் மூன்றாம் பாத்தியில் குந்தி உட்கார்ந்திருந்தார். அடிமரத்தைச் சுற்றிப் போட்டிருந்த வைக்கோலை விலக்கி, எதையோ அவிழ்த்தார். மஞ்சள் கயிறு. அதில் ஒரு மஞ்சள் கிழங்கு தொங்கியது. கயிற்றை இரண்டு விரல் அகலம் தளர்த்தி, மறுபடியும் செடியைச் சுற்றிக் கட்டினார். முடிச்சுப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று.

அதே கைகள் என் கழுத்தில் அதே மாதிரி மூன்று முடிச்சுப் போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் வைக்கோலைச் சரியாக மூடி, கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வயலுக்குப் போனார். எனக்குக் குமட்டல் எங்கே போனதோ தெரியவில்லை. அப்புறம்தான் கோபம் வந்தது.

நேரே நாத்தனாரிடம் போய், "உங்க தம்பி செடிக்குத் தாலி கட்டறார், வந்து பாருங்க" என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே போட்டார். ஓடினார். வைக்கோலை விலக்கிக் கயிற்றைப் பார்த்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவி, வெட்டலையா அவன்? இது அதுவா?" என்றார். "நான் வாராவாரம் பூ பறிச்சேனே."

அங்கேயே, அந்தப் பாத்தி ஓரத்திலேயே எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். என் பிறந்த வீட்டாரிடம் மறைத்த விஷயம் அது. இரண்டு மனைவி போனவன் மூன்றாவது கட்டினால் அவளும் தங்க மாட்டாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் எருக்கஞ்செடிக்கு ஒரு தாலியைக் கட்டி, அதை மூன்றாவது மனைவியாக ஆக்கி, கையோடு வெட்டிப் போட்டுவிட வேண்டும். மூன்றாமவள் செத்துப்போனாள் என்று கணக்கு. பிறகு வருகிற பெண் நான்காவது, அவளுக்கு ஆபத்தில்லை. எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ரயில் ரோடு ஓரத்தில் இந்தச் சடங்கு நடந்திருக்கிறது. புரோகிதர் கத்தியை என் கணவர் கையில் கொடுத்து, "வெட்டிட்டுத் தலைமுழுகிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறார். எல்லோரும் அப்படியே போயிருக்கிறார்கள். இவர் தலைமுழுகிவிட்டு வந்தார். வெட்டினாயா என்று யாரும் கேட்கவில்லை.

"அப்ப மூணாவது ஆளு உயிரோட இருக்குது" என்று சொல்லிவிட்டு நாத்தனார் என் வயிற்றைப் பார்த்தார். மீதி எனக்கே புரிந்தது. அது உயிரோடு இருக்கும்வரை சாக வேண்டியவள் யார் என்பது முடிவாகவில்லை.

மத்தியானம் அவர் வயலிலிருந்து வந்ததும் நாத்தனார் வாசலிலேயே மடக்கினார். "வெட்டினியாடா நீ?"

அவர் முகம் செத்துவிட்டது. "கை வர்ல அக்கா" என்றார். "ரெண்டு பேருக்கு இந்தக் கையாலதான் கொள்ளி வெச்சேன். தாலி கட்டின ஒடனே மூணாவதா ஒண்ண வெட்டுன்னா எப்பிடி வெட்றது? வேரோட பறிச்சாந்து இங்க வெச்சிட்டேன். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுதுன்னு."

"கயிற ஏன் அவுத்து அவுத்துக் கட்டறீங்க?" என்று நான் கேட்டேன்.

"மரம் பருக்குது இல்ல? வுட்டா கயிறு அறுத்துடும்" என்றார். ரோஜாக் கொம்புக்குக் கட்டின நாரையும் அப்படித்தான் தளர்த்திக் கட்டுவார். அவருக்கு அது செடி வேலை. கட்டுகிறபோதெல்லாம் இன்னொரு முறை தாலி கட்டுகிறோமே என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. அடிக்கலாமா அழலாமா என்று இருந்தது எனக்கு.

"சரி, இப்ப வெட்டுடா" என்று கத்திய நாத்தனார் அடுத்த மூச்சிலேயே, "ஐயோ, வாணாம் வாணாம், வெட்டக் கூடாதே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் பச்சை மரத்தை வெட்டக் கூடாது. வெட்டினால் வயிற்றில் இருக்கிற பிள்ளைமேல் அந்த வெட்டு விழும். இதுவும் அவர்கள் நம்பிக்கைதான். ஒரு சாங்கியம் வெட்டு என்றது, இன்னொன்று வெட்டாதே என்றது. நடுவில் நான்.

வேறு யார் வெட்டுவது? வயல் வேலைக்கு வருகிற ஆட்களைக் கூப்பிட்டார் நாத்தனார். விஷயம் கேட்டதும், "ஆம்பள தாலி கட்டின பொம்பள அது, நாங்க தொட மாட்டோம்" என்று நழுவிவிட்டார்கள். "நீங்க வெட்டுங்க அண்ணி" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தாலி அறுத்தவ நான். இன்னொருத்தி தாலிய என் கையால அறுக்கச் சொல்றியா?" என்றார். பிள்ளை பிறந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார் புரோகிதர். பிறக்கும்போதே ஏதாவது ஆகிவிட்டால் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. முதல் மனைவி போனது பிரசவத்தில் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அப்பாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நான் பயந்துபோயிருந்தேன், சிரிக்கிறவர்களிடம் அதைச் சொல்ல மனசில்லை.

வெயில் ஏற ஏற எருக்கங்காய்கள் வெடித்தன. வெள்ளைப் பஞ்சு, பட்டுமாதிரி, காற்றில் மிதந்து வீட்டுக்குள் வந்தது. முறத்தில் காயவைத்த வற்றலில், தண்ணீர்க் குடத்தில், சோற்றில், எங்கே பார்த்தாலும் அது. ஜன்னலைச் சாத்தினால் கதவு வழியாக வந்தது. தலை வாரினால் சீப்பில் என் கறுப்பு முடியோடு அந்த வெள்ளை இழையும் சேர்ந்து வந்தது. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு சீப்பைப் பிடுங்கிப்போய்க் கழுவினார். சாகப் பிடிக்கவில்லை எனக்கு. அந்தக் கிறுக்கு மனிதரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

ஆனி மாதம் ஒரு உச்சிவேளை. அவர் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தார், நாத்தனார் கண்ணயர்ந்திருந்தார். புருஷன்தானே வெட்டக் கூடாது, பெண்டாட்டி வெட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். காற்றே இல்லை. காக்காய்கூடக் கத்தவில்லை. ஆனாலும் எருக்கின் மேல்கிளை ஒன்று மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஒரு காம்பில் கத்தியை வைத்து அழுத்தினேன். பால் குபுகுபுவென்று வந்தது. வெள்ளையாக, கெட்டியாக, நிற்காமல் சொட்டியது. அந்த மாதம்தான் என் மார்பும் கனக்க ஆரம்பித்திருந்தது. கத்தி கையைவிட்டு நழுவிவிட்டது.

வாத்தியார் மகள், எதையும் நம்பாதவள், அந்த மண்ணில் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். "அக்கா" என்று கூப்பிட்டேன். மூத்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? "அக்கா, என்னை உட்டுடு. அவர வேணா நீயே வெச்சிக்கோ. என்னையும் புள்ளையையும் உட்டுடு" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். கிளை ஆடுவது நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு குடம் தண்ணீர் இறைத்து அதன் அடியில் ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன். அன்றிலிருந்து தினமும் ஊற்றினேன்.

ஆவணியில் வளைகாப்பு முடித்துத் திருவள்ளூருக்கு அழைத்துப்போனார்கள். அம்மா வீட்டுக்குப் போனதும் பயம் பாதியாகக் குறைந்தது. ஐப்பசியில் வலி எடுத்தது. ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல். பிள்ளை திரும்பவில்லை. மருத்துவச்சி கையை விரித்தபிறகு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். அப்பா ஆரம்பாக்கத்துக்குத் தந்தி அடித்துவிட்டு வந்து என் தலைமாட்டில் நின்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அதைப் பார்த்ததும் நான் பிழைக்க மாட்டேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

சாயங்காலம் நான்கு மணி வாக்கில் யாரோ என் இடுப்பைப் பிடித்திருந்த பிடியை விட்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. அரை மணியில் பெண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மாவே, "இப்படித் திரும்பும்னு நான் நினைக்கல" என்றார்.

குழந்தைக்கு எல்லாம் சரியாக இருந்தது. இடது காதுமடலில் மட்டும் ஒரு சின்னப் பிளவு, வெற்றிலை ஓரத்தைக் கிள்ளியெடுத்த மாதிரி. "கிரகணத்தன்னிக்குக் காய் நறுக்கினியாடி?" என்று அம்மா கேட்டாள். அப்பா அவளை அதட்டினார். காதுதானே, முடி வளர்ந்தால் மறைந்துவிடும் என்றார்.

என் கணவர் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். ஆரம்பாக்கத்திலிருந்து திருவள்ளூர் வர மதராஸ் போய் வண்டி மாற வேண்டும். அவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போய், இமை இடுக்கில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அழுதிருக்கிறார் பாவம் என்று அம்மா சொன்னாள். குழந்தையைத் துணியோடு வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தக் கண்ணில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? கண்ணுக்கு மருந்து போட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அறுவடை வந்துவிட்டது. என்னை அழைத்துப்போக அவரால் வர முடியவில்லை. தையில் அப்பாதான் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டு அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்.

குழந்தையோடு உள்ளே நுழைந்ததும் சமையலறை ஜன்னலைத்தான் பார்த்தேன். ஜன்னலில் வெறும் வானம். தோட்டத்துக்குப் போனேன். மூன்றாம் பாத்தியில் ஒரு சாண் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் நின்றது. வெட்டு சாய்வாக, சுத்தமாக, ஒரே வீச்சில் விழுந்திருந்தது. அவர் ரோஜாவை அப்படித்தான் வெட்டுவார்.

"தந்தி வந்த அன்னிக்கு" என்றார் பின்னால் வந்த நாத்தனார். "நாலு மணி இருக்கும். நான் தடுத்துப் பாத்தேன், கேக்கல. பாலு கண்ணுலலாம் அடிச்சிடுச்சி. அப்பிடியே கெணத்தடிக்குப் போயி தலமுழுகினான். உங்க ஊருலேர்ந்து திரும்பி வந்து பாலும் தெளிச்சான், பைத்தியக்காரன். மனுசிக்குச் செய்யற மாதிரி."

அந்தக் கட்டையைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். எதற்கு அழுதேன்? அது சாக வேண்டும் என்றுதானே ஆறு மாதம் கிடந்து தவித்தேன். ஆனால் அக்கா என்று கூப்பிட்டுவிட்டேனே. கூடப் பிறந்தவள் போன மாதிரிதான் இருந்தது. நாத்தனார் என்னைத் தடுக்கவில்லை. அழுது முடிகிறவரை குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். "தலைக்கு ஊத்திக்கினு உள்ள போ" என்று மட்டும் சொன்னார். ஊற்றிக்கொண்டேன்.

அவர் பொழுது சாயும்போது வயலிலிருந்து வந்தார். கண் நன்றாக ஆகியிருந்தது. நான் ஈரத்தலையோடு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்கு அம்மா பின்னிக் கொடுத்த கம்பளிக் குல்லாய் போட்டிருந்தேன். அவர் சற்றுத் தள்ளியே நின்றார்.

"வெட்டக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வெட்னா உனுக்கு நல்லது, புள்ளைக்கு ஆவாது. வெட்லன்னா புள்ளைக்கு நல்லது, உனுக்கு ஆவாது" என்றார். மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்திச்சி. யோசிச்சிப் பாத்தேன். நான் உன்ன எடுத்துக்கினேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் பிள்ளையை விட்டுக்கொடுக்க இவர் யார்? அடுத்த நிமிஷமே அந்தக் கோபம் கரைந்துவிட்டது. என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் யாரும் என்னை அப்படி எடுத்துக்கொண்டதில்லை.

அவர் மெல்லக் கிட்டே வந்து குந்தினார். கையை நீட்டினார், ஆனால் தொடவில்லை. "புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். மூன்று மாதமாக அந்தக் கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். "எல்லாம் சரியாத்தான இருக்குது?"

"எல்லாம் சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டு, குல்லாயை இடது காதுக்குக் கீழே நன்றாக இழுத்துவிட்டேன்.